கலெக்டரின் கழுத்துப் பட்டன்

சென்ற ஆண்டு சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை. காலை எட்டு ஐம்பது. காற்று இல்லை, தார்ச்சாலை செருப்பைப் பிடித்து இழுக்கிற வெயில். அந்த வெயிலில் முழுக்கைச் சட்டைக்குக் கழுத்துப் பட்டன் வரை போட்டு, டையும் கட்டிக்கொண்டு, காரியாபட்டி நிறுத்தத்தில் இறங்கக்கூடிய மனிதர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். எங்கள் அலுவலகத்தில் அவருக்குக் கலெக்டர் என்று பெயர். உண்மையில் அவரும் என்னைப் போலப் பில் சரிபார்க்கிறவர்.

வெளியூர் ஆஸ்பத்திரி பில்களைக் கணினியில் சரிபார்க்கும் சிறு கம்பெனி அது. இருபத்தாறு பேருக்கு நான்கு மின்விசிறிகள். அதில் கடகடவென்று கத்துவது என் தலைக்கு மேல். மில் கணக்கு வேலையில் ஓய்வு பெற்றபின் வீட்டில் சும்மா இருக்க முடியாமல் அங்கே சேர்ந்தேன். கலெக்டர் எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஷேர் ஆட்டோவில் அருப்புக்கோட்டை வருவார். அதற்குள் நான் மதுரை பஸ்ஸில் ஏறி அவருக்கு இடம் பிடித்திருப்பேன். ஒருநாளும் அவர் உட்கார்ந்ததில்லை.

"கலெக்டரே, சீட்டு காலியாத்தான கெடக்கு, உக்காருங்க" என்பார் கண்டக்டர்.

"உக்காந்தா பேண்ட் மடிப்பு போயிரும்ப்பா."

"மடிப்பு போனா சம்பளத்தப் பிடிச்சிருவாகளாக்கும்?"

"சம்பளம் போனா அடுத்த மாசம் வரும். மடிப்பு போனா சாயங்காலம் வரைக்கும் வராது."

அவருடைய ஷூ மஞ்சள் பையில்தான் பயணம் செய்யும். காலில் வந்தால் கரிசல் மண் ஒட்டிவிடுமாம். நிறுத்தத்து வேப்பமரத்தடியில் ஒற்றைக் காலில் கொக்குபோல நின்று மாட்டிக்கொள்வார். டீக்கடைக்காரர் அதற்குள் இரண்டு டீ ஆற்றிவிடுவார். அதில் ஒன்றுக்கு நான்தான் காசு கொடுக்கவேண்டியிருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது சென்னையிலிருந்து புது மேனேஜர் வந்தார். இருபத்தெட்டு வயதுப் பெண். நல்ல குணம், சிக்கலே அதுதான். எங்கள் வியர்வையைப் பார்த்து இரக்கப்பட்டு ஓர் உத்தரவு போட்டார்: இனி பிசினஸ் கேஷுவல், டை வேண்டாம், வெள்ளிக்கிழமைகளில் கம்பெனி டி-ஷர்ட். ஆளுக்கு இரண்டு கொடுத்தார்கள். காலர் இல்லாத நீலம். எனக்கு வயிற்றில் பிடித்தது.

மூன்று வெள்ளிக்கிழமைகள் கலெக்டர் டையோடுதான் வந்தார். நான்காவது வெள்ளியன்று பில் அனுப்பும் வெளியூர்க்காரர்கள் வருவதாக இருந்தது. எல்லோரும் நீல நிறத்தில் நின்று போட்டோ எடுக்கவேண்டும். அடுத்த மாதம் கலெக்டரின் வேலை ஒப்பந்தம் முடிகிறது. அதைப் புதுப்பிக்க மேனேஜர் கையெழுத்துப் போடவேண்டும். நர்சிங் படிக்கும் அவருடைய மகளுக்குக் கடைசி வருடம்.

"ஒருநாக் கூத்துத்தானய்யா, மாட்டிட்டு வந்துரு" என்று கெஞ்சினேன்.

"மாட்டிட்டே வாரேண்ணே."

சொன்னபடியே மாட்டிக்கொண்டுதான் வந்தார். முழுக்கைச் சட்டை, டை, அதற்கு மேலே நீல டி-ஷர்ட். மேலே சட்டைக் காலரும் டை முடிச்சும் எட்டிப் பார்த்தன. பக்கவாட்டில் வெள்ளைக் கைகள் நீண்டிருந்தன. டி-ஷர்ட்டையும் இன் பண்ணி பெல்ட் போட்டிருந்தார். அலுவலகமே சிரித்தது. நானும்தான்.

மேனேஜர் சிரிக்கவில்லை. "சார், இந்த வெயில்ல எதுக்கு ரெண்டு? உள்ள இருக்கிற சட்டைய மட்டும் கழட்டிட்டு வந்துடுங்க, ப்ளீஸ்."

கலெக்டரின் கை டை முடிச்சுவரை போய் நின்றது.

"மேடம், நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீக. எங்கய்யா கூலிக்குப் போற வீட்டு வாசல்ல, சட்டையக் கழட்டிக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுத்தான் நிக்கணும். சின்னதுல நானும் கூடப் போவேன். என்னையும் கழட்டச் சொல்லுவாக. இப்ப யாரு சட்டையக் கழட்டுன்னு சொன்னாலும் கை ஓட மாட்டேங்குது. மேல எத்தன குடுத்தாலும் போட்டுக்கிறேன்."



"முன்வரிசையில நடுவுல நில்லுங்க சார்" என்றார் மேனேஜர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அடுத்த மாதம் கையெழுத்தும் போட்டார். அந்தப் போட்டோ இன்னும் வாசலில் தொங்குகிறது. வருகிறவர்கள் நடுவில் நிற்பவரைத்தான் முதலாளி என்று நினைக்கிறார்கள்.

மகளுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. இந்தத் தைப் பொங்கலோடு கலெக்டரும் அங்கே போய்விட்டார். பஸ்ஸில் இப்போது யாருக்கும் இடம் பிடிப்பதில்லை. அவர் ஒருநாளும் உட்காராத இடம்தான். ஆனாலும் அதில் வேறு யாராவது உட்கார்ந்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

சென்ற வாரம் ஒரு வெள்ளை முழுக்கைச் சட்டை தைத்தேன். டையும் வாங்கினேன். முடிச்சுப் போடத் தெரியாமல் கலெக்டரை வீடியோவில் கூப்பிட்டேன்.

"கைலியோட நின்னுக்கிட்டா டை கட்டச் சொல்லித்தாறது? இருங்கண்ணே, வாரேன்" என்று போனவர், முழு உடுப்பில் திரும்பி வந்தார். போனைக் கீழே தாழ்த்தி ஷூவையும் காட்டினார்.

"மொதல்ல கழுத்துப் பட்டன போடுங்க."

"மூச்சு முட்டுதுய்யா."

"ரெண்டு நாளைக்கு முட்டும்ணே. பெறகு போடலைன்னாத்தான் முட்டும்."

இன்று வெள்ளிக்கிழமை. டை கட்டி, பஸ்ஸில் கொஞ்ச தூரம் நின்றே வந்தேன். முழங்கால் இன்னும் விண்விண் என்கிறது. துணி, தையற்கூலி, டை எல்லாம் சேர்த்து, எதிலும் பேரம் பேசாமல் கொடுத்தது ஆயிரத்து இருநூற்று எழுபது ரூபாய்.