மூன்று கையொப்பமும் ஒரு பால்மாப் பேணியும்

விதி எழுதுகிறவன் எவனும், அது ஒருநாள் தன் சட்டைக் கொலரையே பிடிக்கும் என்று நினைத்து எழுதுவதில்லை. நானும் நினைக்கவில்லை. முப்பத்தாறு வருடம் கச்சேரி என்கிற மாவட்ட அரச அலுவலகத்தில் கோப்புகளோடு குடும்பம் நடத்தி, பிரதம எழுதுவினைஞராக ஓய்வுபெற்றவன் நான். (மனைவியோடு குடும்பம் நடத்தியது மிச்ச நேரத்தில். அதை அவ இன்றைக்கும் சொல்லிக்காட்டுவா.)

மகள் ஆஸ்பத்திரியில் தாதி. வேலைநேரம் மாறி மாறி வரும். அதனால் பேத்தியின் பாடசாலைப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு அவளுக்குப் பதிலாக நான் போனேன். போனவன் வடையைத் தின்றுவிட்டு வந்திருக்கலாம். எழும்பி, "சங்கத்துக்கு வங்கிக் கணக்கு இருக்கோ?" என்று கேட்டேன்.

இல்லை. சங்கத்தின் காசு முழுவதும் புஷ்பா என்ற தாயாரின் பழைய பால்மாப் பேணியில், ஒரு தகர டப்பாவில், இருந்தது. புஷ்பா இடியப்பம் அவித்து விற்கிறவ.

"இண்டுவரைக்கும் ஒரு சதம் குறைஞ்சதில்லை சேர்," என்றா.

"குறையிறதைப் பற்றி நான் கதைக்கேல்லைப் பிள்ளை. நடைமுறையைப் பற்றிக் கதைக்கிறன்," என்றேன்.

நான் கதிரையில் உட்கார முதலே என்னைப் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். பெருமையாக இருந்தது. என் வாயை மூடுவதற்கு அதுதான் வழி என்று அவர்கள் நினைத்தது எனக்குப் பின்னர்தான் விளங்கியது. வழி பலிக்கவில்லை. இரண்டே வாரத்தில் முப்பத்தொரு விதிகளோடு சங்கத்துக்கு ஒரு யாப்பு எழுதினேன். கணக்குத் திறக்கையில் வங்கிக்கும் ஒரு கடிதம் கொடுத்தேன். பாடசாலை அதிபர், செயலாளர் கமலினி ரீச்சர், பொருளாளராகிய நான் ஆகிய மூவரும் சேர்ந்தே காசோலையில் ஒப்பமிட வேண்டும். தமிழில், முழுப்பெயரில் ஒப்பமிட வேண்டும். மாதிரிக் கையொப்பத்திலிருந்து இம்மியளவு வேறுபட்டாலும் வங்கி மறுக்க வேண்டும். அடித்துத் திருத்தினாலோ, இரண்டாம் முறை ஒப்பமிட்டாலோ அந்தக் காசோலை செல்லாது.

"இப்பிடி ஒரு கடிதத்தை நாங்கள் கண்டதே இல்லை சேர்," என்றார் வங்கி முகாமையாளர். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஆறு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. (ஒரு காசோலையும் எழுதவில்லை என்பது வேறு விடயம்.) பிறகு எங்கள் பிள்ளைகளின் நாடகம் மாகாணப் போட்டிக்குத் தெரிவானது. சனிக்கிழமை விடிய மட்டக்களப்புக்குப் புறப்பட வேண்டும். பேத்தி அதில் ஒரு கிழட்டு நண்டு. நடித்துக் காட்டச் சொன்னால் என்னைப் போலவே நடப்பாள். கிண்ணியா நசீர் நானா பஸ் தர ஒத்துக்கொண்டார். வெள்ளி மூன்று மணிக்குள் முற்பணம் வராவிட்டால் பஸ் கலியாண வீட்டுக்குப் போய்விடும் என்று கறாராகச் சொல்லியும் விட்டார்.

அதிபர் வியாழனே ஒப்பமிட்டார். கமலினி ரீச்சர் அதற்கு முந்தின மாதம் குச்சவெளிக்கு மாற்றலாகிப் போயிருந்தா. வேறொருவரைப் போடலாமே என்று கேட்பீர்கள். அதற்குப் பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும். கூட்டத்துக்கு இருபத்தொரு நாள் முன்னறிவித்தல் வேண்டும். எழுதியது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வெள்ளி காலை கரையோர பஸ்ஸில் நின்றபடியே குச்சவெளிக்குப் போனேன். ரீச்சர் வகுப்பை நிறுத்திவிட்டு வெளியே வந்தா.

"ரெண்டு பேர் வைச்சாப் போதும் எண்டு அண்டைக்கே நான் சொன்னனான் சேர். ரெண்டு பேர் சேர்ந்து களவெடுக்கலாம் எண்டீங்கள்."

"மூண்டு பேர் எண்டால் கஷ்டம்தானே ரீச்சர்?"

"களவெடுக்கவோ, பஸ் பிடிக்கவோ?" என்று கேட்டுக்கொண்டே ஒப்பமிட்டா.

வங்கிக்குத் திரும்பும்போது மணி இரண்டு. மிச்சம் என் ஒப்பம் மட்டும். கவுண்டரில் இருந்த தம்பியின் கண்முன்னே, பேனையை உயர்த்தி, வாழ்நாள் பழக்கத்தில் ஒரே இழுவையாக இழுத்தேன். கச்சேரியில் ஆயிரக்கணக்கான கோப்புகள் கண்ட அதே ஆங்கிலக் கிறுக்கல்!

தம்பி, மாதிரிக் கையொப்ப அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது உங்கட கையெழுத்து இல்லையே சேர்."

"உமக்கு முன்னால நிண்டுதானே வைச்சனான்!"

"ஓம் சேர், நானும் கண்டனான். ஆனா அட்டையில தமிழில, முழுப்பேர் கிடக்கு."

"சரி, பக்கத்தில தமிழிலயும் வைக்கிறன்."

"ஏலாது சேர்." கோப்பிலிருந்து என் கடிதத்தை எடுத்து, என் வசனத்தையே எனக்கு வாசித்துக் காட்டினார். நல்ல தமிழ். ஓர் ஓட்டையும் இல்லை. ஓட்டை தேடி நானே இரண்டு முறை வாசித்தேன்.

புதுக் காசோலை என்றால் மறுபடி குச்சவெளி. போய்வர இரண்டரை மணித்தியாலம். வங்கிக் கதவு மூடுவதற்கு ஐம்பது நிமிடம். என் சொந்தக் காசைக் கொடுக்கலாம் என்று ஓர்ஸ் ஹில்லில் உள்ள எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். வங்கி அட்டை மனைவியிடம்.

"சொந்தக் காசையும் சங்கக் காசையும் கலக்கக்கூடாதெண்டு ஒரு விதி எழுதினீங்களே, அது இப்ப இல்லையோ?" என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டா. (முப்பத்தொரு விதிகளையும் சாப்பாட்டு மேசையில் அவவுக்கு வாசித்துக் காட்டியிருந்தேன். அது இன்னொரு பிழை.)

மேடையில் கிழட்டு நண்டு இல்லாமல் நாடகம் இல்லை. பஸ் இல்லாமல் நண்டு இல்லை. பேத்தியின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்ற நினைப்போடு, கடைசியாக நசீர் நானாவுக்கு எடுத்து, திங்கள்வரை பொறுக்கும்படி கெஞ்சினேன். ஆயுளில் நான் யாரிடமும் தவணை கேட்டது அதுதான் முதல்முறை.

"என்ன முற்பணம் சேர்? அது நேத்தே வந்திட்டுதே," என்றார் அவர். "இடியப்பக்காரப் பிள்ளை ஒரு பேணியோட வந்து எண்ணித் தந்தவ. நீங்க வங்கிக்குப் போகப்போறீங்களெண்டு கேள்விப்பட்ட உடனேயாம்."

நேரே புஷ்பாவிடம் போனேன். தாய்மார் வீட்டுக்கு வீடு சேர்த்த காசு அது.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே பிள்ளை?"

"உங்களோட கதைக்கிறதெண்டால் இருபத்தொரு நாள் முதல் அறிவிக்க வேணுமெண்டு நினைச்சன் சேர்," என்றா, இடியப்பத் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிள்ளைகள் போனார்கள். இரண்டாமிடம். நண்டுக்கு மட்டும் தனிப் பரிசு. புஷ்பா கட்டிய காசைத் திருப்பிக் கொடுக்க எனக்கு நான்கு மாதமும் மூன்று காசோலைகளும் பிடித்தன. இவ்வளவுக்குப் பிறகும் நான்தான் பொருளாளர். என்னை நீக்குவதற்கு வேண்டிய பெரும்பான்மையை அப்படி எழுதிவைத்திருக்கிறேன்.

வீட்டில் தேநீர் கேட்டால், "மூண்டு பேரும் வைச்சாச்சோ?" என்று குசினியிலிருந்து குரல் வரும். என் போன பிறந்தநாளுக்குப் பேத்தி ஒரு பழைய பால்மாப் பேணியைக் கழுவி, தாள் ஒட்டித் தந்தாள். "அம்மப்பாட வங்கி. கையெழுத்துத் தேவையில்லை" என்று எழுதியிருந்தது. அலுமாரியின் மேல் இருக்கிறது.

மூடியைத் தூக்கினால் போதும், திறக்கிறது. நான் சோதித்துப் பார்த்துவிட்டேன்.