படகுப் பெட்ரோல் குடித்த மோட்டார் சைக்கிள்

சவுசவு கடற்கரை,
திங்கட்கிழமை.

மலைநாட்டின் மாண்புமிகு மச்சான் அபெனிசாவுக்கு,

ஆண்டவர் கிருபையில் உன் தங்கை வசெமாதாவும் நானும் உயிரோடு இருக்கிறோம்; நீ கொடுத்த வண்டியையும் மீறி இருக்கிறோம். அங்கே நீயும் உன் மனைவியும், இன்னும் ஞானஸ்நானம் ஆகாத உன் குழந்தையும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். உனக்காக வேண்டுவது போதகர் சொல்லியிருக்கிறாரே என்பதற்காக மட்டும்.

நேற்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குள் நுழைய வேண்டிய அத்தை, அதாவது உன் தங்கை, வரவில்லை, சடங்கை அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிவிட்டார்கள், சமைத்ததெல்லாம் வீண் என்று தொலைபேசியில் கத்தினாய். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்தும் விட்டாய். அதனால்தான் கடிதம். இதை நடுவில் வெட்ட முடியாது.

ஓடையில் கால் நனைந்தாலே தும்முகிறவன் நீ. நான் பிறந்ததிலிருந்து படகில் இருக்கிறவன். எனக்கு எஞ்சினைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் நீ ஊற்றிக் கொடுத்த பெட்ரோல் தீரும் நிலைக்கு வந்ததால், நேற்றுக் காலையில் உன் ஊருக்குக் கிளம்பும்போது வசெமாதாவைப் பின்னால் உட்காரவைத்து, மடியில் உன் குழந்தைக்கு அவள் முடைந்த பாயோடு, முதன்முறையாக வண்டியோடு பெட்ரோல் பங்குக்குப் போனேன். அங்கே பெட்ரோல் போடும் கமல்வதி கிட்டவே வராமல் நின்றுகொண்டு, "அண்ணே, எஞ்சினை அணைங்க. ரெண்டு பேரும் இறங்குங்க" என்கிறாள்.

"படகுல உக்காந்துக்கிட்டேதான் ஊத்துறேன். கடல்ல எங்கம்மா இறங்குறது?"

"அப்ப கடலுக்கே போய் ஊத்திக்கோங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இறங்கினேன். வண்டிக்கு ஸ்டாண்டு என்று ஒன்று இருப்பது, வண்டி பக்கத்திலிருந்தவரின் கிழங்கு மூட்டைமேல் சாய்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. படகுக்கு ஸ்டாண்டு கிடையாது, மச்சான். "எண்ணெய் கலந்ததை ஊத்து" என்றேன். அது படகுக்கு, இதுக்கு வெறும் பெட்ரோல்தான் என்று அடம் பிடிக்கிறாள்.

"எண்ணெய் இல்லாம ஓட்டினா எஞ்சின் இறுகிப் போயிடும். உனக்கு என்ன தெரியும்?"

"எனக்குத் தெரியலேன்னா பரவாயில்லண்ணே. வண்டிக்குத் தெரியும்."

"அவ சொல்றதைக் கேளுங்களேன்" என்றாள் உன் தங்கை. நான் ஏன் கேட்கிறேன்! என் படகுக் கேனில் எண்ணெய் கலந்ததை வாங்கி, ஓரமாகப் போய் நானே ஊற்றினேன், விளிம்பு வரைக்கும், ஏனென்றால் நடுக்கடலில் தீர்ந்துவிட்டால் யார் வருவார்கள்? "கொஞ்சம் இடம் விடுங்க, வெயில்ல பொங்கும்" என்று கமல்வதி கத்தினாள். பொங்கியது. ஏற்றத்தில் என் புதுச் சட்டையெல்லாம் பெட்ரோல். பின்னால் குப்பை கொளுத்தியது போல் புகை. தாண்டிப் போன பஸ்ஸில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கை அசைத்தார்கள். பாதி மலையில் இருமி இருமி நின்றே போனது. வசெமாதா பாயை விரித்து அதன்மேல் உட்கார்ந்து அழுதாள். "முதல் மருமகளைத் தூக்கக் குடுத்து வைக்கலையே" என்று அழுதாள். என்னால் தாங்க முடியவில்லை. அந்தக் கோபத்தை உன்மேல் காட்டாமல் யார்மேல் காட்டுவது?

ஆகவே, வீடு வரை நாங்கள் உருட்டி வந்த இந்த நோயாளி வண்டியை உடனே வந்து எடுத்துப் போ. உன் கிழங்குகள் பெருக்கட்டும், பன்றிகள் கொழுக்கட்டும், நாக்கு மட்டும் சுருங்கட்டும்.

இப்படிக்கு,
எஞ்சின் தெரிந்த உன் மச்சான்
சகியூசா

பி.கு.: வண்டியை எடுக்க வராதே. நான் இதை எழுதிக்கொண்டிருந்தபோது உன் தங்கை டாங்கில் இருந்ததைப் படகுக்கு வடித்துவிட்டு, பிளக்கைக் கழற்றித் துடைத்து, வண்டியைக் கமல்வதியிடம் உருட்டிப் போய், வெறும் பெட்ரோல் போட்டு, மேலே இரண்டு விரல் இடமும் விட்டு, ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நிற்கிறாள். எங்கே கற்றாய் என்றால், "கல்யாணத்துக்கு முன்னாடி, எங்க அண்ணன் வண்டியில" என்கிறாள். ஏன் சொல்லவில்லை என்றால், "நீங்க கேக்கலையே" என்கிறாள். ஞாயிறன்று நேரத்துக்கு வந்துவிடுவோம். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவது யார் என்று கோயில் வாசலில் நீ உரக்கக் கேட்காமல் இருந்தால், நான் கொண்டுவரும் பெரிய மீன் இரண்டும் உனக்கே.