மாமா தலையில் இறங்கிய எர்த்

“…அதுக்கில்ல தம்பி, வீட்டுல எர்த் அடிக்கக் கூடாதுன்னுதான் உங்கள வரச் சொன்னேன். நீங்க என்னான்னா, வந்ததும் வராததுமா எர்த் அடிக்கப் போறேன்னு நிக்கிறீங்களே?”

நாலடி செப்புக் கம்பியோடு நின்ற என்னிடம் இப்படிக் கேட்டவர் செல்லையா மாமா. அப்போது அவர் எனக்கு மாமா இல்லை. ஆகிவிட வேண்டும் என்ற ஆசையில் நானாகவே அப்படிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் மகள் வாணியும் நானும் ஒருவரையொருவர் விரும்பிய செய்தி அவர் காதுக்குப் போனபோது, அவர் சரியென்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை. “கரண்ட் வேலை செய்றவராமே. நம்ம வீட்டுல ஒரு வேலை செய்யட்டும், பார்ப்போம்” என்றாராம். (மற்ற வீடுகளில் மாப்பிள்ளைக்கு ஜாதகம் பார்ப்பார்கள். எனக்கு வயரிங் பார்த்தார்கள்.)

கண்டியில், அம்பிட்டியப் பக்கம் ஐப்பசி பிறந்துவிட்டால் பின்னேரமானதும் வானம் உறுமத் தொடங்கிவிடும். அப்படி ஒரு பின்னேரம் இறங்கிய மின்னலில் மாமாவின் டீவி கருகிப் போயிருந்தது. இப்போது புது டீவி வந்திருக்கிறது. அதற்கும் அந்தக் கதி வராமல், கரண்ட் பெட்டிக்குள் ஒரு சர்ஜ் அரெஸ்டர் பூட்ட வேண்டும். ட்ரிப் சுவிட்சுக்குப் பக்கத்தில், அதன் தம்பி மாதிரி உட்காரும் சின்னச் சாமான். அதை நான் பத்து நிமிடத்தில் பூட்டிவிட்டேன். தொழிலை நான் யாரிடமும் முறையாகப் படித்தவனில்லை; பார்த்தும் கேட்டும் ஷாக் வாங்கியும் கற்றவன். ஆனால் வாய் மட்டும் வாத்தியார் மாதிரி பேசும்.

“மழத் தண்ணி வீட்டுக்குள்ள வராம கான் வெட்டி விடுறோமில்லையா மாமா? அதே மாதிரிதான். இடி இறங்கினா லைன்ல கரண்ட் வெள்ளமா வரும். இந்தச் சாமான் அதப் புடிச்சு, எர்த் வயர் வழியா மண்ணுக்குள்ள தள்ளி விட்ரும். உங்க வீட்டு எர்த் வயரு செவத்துக்குள்ளயே முடிஞ்சு போயிருக்கு. அதான் புதுசா எர்த் அடிக்கணும்னேன்.”

எங்கள் ஊரில் ஃபிரிட்ஜைத் தொட்டதும் ‘சுள்’ளென்று கடித்தால் ‘எர்த் அடிக்குது’ என்பார்கள். கம்பியை மண்ணில் அடித்து இறக்குவதற்கும் தொழிலில் ‘எர்த் அடிக்கிறது’ என்றுதான் பெயர். இவ்வளவு நேரமும் மாமா முதலாவதை நினைத்துப் பயந்திருக்கிறார்.

“ஓ, அந்த அடியா! அப்ப தோட்டத்துல அடிங்க” என்று சொல்லிவிட்டு, கீழே போய்க் கிரிக்கெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

ஒரு வார்த்தையின் குழப்பத்தைத் தீர்த்த பெருமையில், அடுத்த வார்த்தையைக் கோட்டை விட்டேன். தோட்டம் என்று அவர் சொன்னது பின்பக்கச் சரிவில் மரவள்ளி நட்டிருந்த இடத்தை. அதை நான் பார்த்ததே இல்லை. நான் பார்த்த ஒரே தோட்டம் ரோட்டோரமாக, வாசலுக்குப் பக்கத்தில், புல்லும் அந்தூரியமுமாக இருந்தது.

கண்டியில் வீடுகள் மேலே ஏறுவதைவிடக் கீழே இறங்குவதுதான் அதிகம். ரோட்டிலிருந்து வாசலுக்குள் கால் வைத்தால் நாம் நிற்பது மேல்மாடியாக இருக்கும். இது எனக்குத் தெரியாதா? கடுகண்ணாவையில் பிறந்து, படியில் இறங்கி இறங்கியே வளர்ந்தவன் நான். ஆனால் காதலியின் வீட்டில் வேலை செய்கிறவனுக்கு மூளை இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதில்லை.

ஓர் அடி தோண்டியதும் ‘டொங்’கென்றது. கல். மலைநாட்டில் தோண்டினால் வேறென்ன வரும்? நிலத்தோடு பேசிப் பழகியவனைப் போலத் தலையாட்டிக்கொண்டு, நீள ஊசி மாட்டிய ட்ரில்லை இறக்கினேன்.

கீழேயிருந்து மாமாவின் குரல் வந்தது. “என்னா தம்பி, சத்தம் தலைக்குள்ளயே கேக்குது?”

“கல்லு மாமா! பெரிய கல்லு!”

“இந்தப் பக்கமெல்லாம் கல்லுதான். விடாதீங்க, அடிங்க!”

மாமாவே சொன்னபிறகு விடுவேனா? துளை விழுந்ததும் கம்பியை நிறுத்திச் சுத்தியலால் ஓங்கி ஒன்று போட்டேன். கம்பி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி ‘விசுக்’கென்று இறங்கியது. நல்லவேளை, அவசரக்குடுக்கையாக வயர் மாட்டும் கிளாம்பைக் கம்பியின் தலையில் முன்கூட்டியே பூட்டி வைத்திருந்தேன். அது துளையின் விளிம்பில் தட்டி நின்றது. ‘அடேயப்பா, என்ன அருமையான மண்!’ என்று வியந்தேன்.

கிரிக்கெட் சத்தம் நின்றது.

“தம்பி,” என்றார் மாமா, மிக நிதானமாக. “உங்க கல்லு என் டீக்குள்ள விழுந்திருச்சு.”

படிகளில் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. அந்தப் புல்தரைக்கு நேர் அடியில் இருந்த கீழறையின் சீலிங்கிலிருந்து என் கம்பி இரண்டடி நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே கதிரை. கதிரையில் மாமா. மாமாவின் வழுக்கையில் ஒரு கைப்பிடி ஈரமண், உச்சியில் ஒரு புல். புது டீவிக்கு ஒரு கீறலும் இல்லை. சத்தம் கேட்டு வந்த வாணி வாசற்படியில் நின்று, தாவணியை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

மாமா தலையைத் துடைக்கவில்லை. கம்பியையே பார்த்தார். 

“அப்ப இடி இறங்கினா, இதுக்குள்ளதான் வரும்?”

“வரும் மாமா.”

“வந்து?”

“மண்ணுக்குப் போயிரும் மாமா.”

“இந்த ரூமுல மண்ணுன்னு இருக்கிறது,” என்று தன் தலையைத் தொட்டுக் காட்டினார், “இங்க மட்டும்தான் தம்பி.”

அவ்வளவுதான், கல்யாணம் போயிற்று என்று முடிவு கட்டினேன். அம்பிட்டிய வானத்தின் இடியையெல்லாம் பிடித்து, பெண்ணைப் பெற்றவரின் உச்சந்தலைக்கு நேரே அனுப்ப வழி செய்து கொடுத்தவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? “இப்பவே கழட்டி, ஓட்டைய அடைச்சிர்றேன் மாமா” என்றேன்.

இன்றைக்குச் சொந்தக்காரர்கள் கூடினால் வாணி இதைத்தான் முதலில் எடுப்பாள். “விரும்பிக் கட்டிக்கிட்ட பொண்ணுங்கள, அப்பன் தலையில மண்ண அள்ளிப் போட்டுட்டான்னு சொல்லுவாங்க. எனக்கு அந்தக் கஷ்டமே இல்ல. அவரே வந்து போட்டுட்டாரு.” பிறகு பின்பக்க மரவள்ளித் தோட்டத்தில் புதுக் கம்பி அடித்து, எர்த்தை ஒழுங்காகக் கொடுத்தேன். அடுத்தடுத்த இடிகளில் டீவி தப்பியது. ஆனால் அதை யார் பேசுகிறார்கள்?

அந்தப் பழைய கம்பி மட்டும் இன்னும் சீலிங்கில்தான் இருக்கிறது. ஏனென்றால் அன்றைக்கு, கழற்றுகிறேன் என்று நான் திரும்பியபோது, மாமா “நில்லுங்க” என்றார். சமையலறைக்குள் போய் ஒரு வாழைக்குலையைத் தூக்கி வந்தார். மண் கொட்டிய கதிரையைக் கம்பிக்குக் கீழே இன்னும் சரியாக இழுத்துப் போட்டு, “ஆடுது, கொஞ்சம் புடிச்சுக்குங்க மாப்புள” என்றபடி அதில் ஏறி, குலையை அந்தக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார்.