லிஃப்ட்டுக்குள் ஒரு நீண்ட வாக்கியம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

என் தங்கையின் சமையலையும் மீறி நீங்கள் நலமாகவே இருப்பீர்கள் என்ற துணிச்சலில் மச்சான் எழுதுவது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நேற்று நான் பேசத் தொடங்கிய ஓர் இங்கிலீஷ் வாக்கியத்துக்குள் நானே மாட்டிக்கொண்டேன். எல்லாம் உங்களால் வந்தது. உங்களோடு படித்த லிஃப்ட் கம்பெனி மேனேஜரம்மாவிடம், "எங்க மச்சான் இங்கிலீஷ்ல பிச்சு உதறுவாரு" என்று நீங்கள் அளந்துவிட, ஃபிட்டராக இருந்த என்னை மைக்குக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பார்த்தார்கள். லிஃப்ட் நின்றுபோனால், ஆள் போய்த் திறக்கும்வரை உள்ளே இருப்பவர் பதறாதபடி இங்கிலீஷில் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு சரிப்படாவிட்டால் மறுபடியும் லிஃப்ட்டுக்கு அடியில் உள்ள குழிக்குள் இறங்கிக் கிரீஸ் தடவ வேண்டியதுதான். என் முழங்கால்களோ அந்தக் குழியின் பெயரைக் கேட்டாலே அழுகின்றன.

மகளிடம் சரணடைந்தேன். "முன்னாடி 'லி'ன்னு முடியிற ஒரு வார்த்தையைப் போடுங்கப்பா, நல்ல சேதியா கெட்ட சேதியான்னு அதுலயே தெரிஞ்சிடும். அப்புறம் 'ஆல்தோ', 'இஃப்', 'வைல்'னு குட்டி வாக்கியத்தைக் கோத்துக்குங்க. ஆனா பெரிய வாக்கியம் ஒண்ணு வந்தே ஆகணும், மறந்துடாதீங்க" என்றாள். கோப்பது பிடித்துப்போயிற்று. சாப்பிடும்போது உப்புக் கேட்கக்கூட, "ஆக்சுவலி, ஆல்தோ ஐ ஆம் நாட் கம்ப்ளெயினிங்" என்று தொடங்கினேன். "நீங்க முடிக்கிறதுக்குள்ள தட்டு காஞ்சிடும். டப்பா அங்கதான் இருக்கு, எடுத்துக்குங்க" என்றாள் வீட்டுக்காரி.

நேற்று ஒரு கட்டடத்தைப் பார்வையிடப் போன மேனேஜரம்மாவே மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் சிக்கிக்கொண்டார். ஆபீசில் என் மைக்குப் பக்கத்துச் சிவப்பு விளக்கு எரிந்தது. மைக்கைப் பிடித்தேன். "ஃபார்ச்சுனேட்லி, ஆல்தோ தி லிஃப்ட் ஹேஸ் சடன்லி ஸ்டாப்ட், இஃப் யூ வெயிட் பேஷன்ட்லி, வைல் அவர் ஃபிட்டர் இஸ் க்விக்லி கம்மிங்..." ரயில் பெட்டிபோலக் குட்டி வாக்கியங்களைக் கோத்துவிட்டேன், இழுக்கப் பெரிய வாக்கியம் என்ற எஞ்சினைக் காணோம்! முதலிலேயே "ஃபார்ச்சுனேட்லி" என்று சொல்லித் தொலைத்ததால் ஒரு நல்ல செய்தியும் சொல்லியாக வேண்டும். கைவசம் அது இல்லை. ஒரு "பிகாஸ்" சேர்த்தேன். உள்ளேயிருந்து, "ஹலோ? ஹலோ?" என்றார். நிறுத்தினால் கோர்வை அறுந்துவிடுமே என்று ஒரு "அன்லெஸ்" போட்டு இழுத்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாள் ஏதோ பாட்டை முணுமுணுக்கத் தொடங்கினார். மாப்பிள்ளை, என் "லி"க்கள் அவரை எப்படித் தாலாட்டியிருக்கின்றன பாருங்கள்!

நான் எஞ்சினைக் கண்டுபிடிக்கும் முன்பே ஃபிட்டர் கதவைத் திறந்துவிட்டார். மேனேஜரம்மா நேராக என்னிடம் வந்தார். குழி ஞாபகத்தில் நான் எழுந்து முழங்காலை மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உள்ள அவ்வளவு அமைதியா இருந்துச்சுங்க. மத்தவங்கன்னா தானும் பதறி நம்மளையும் பதற வச்சிடுவாங்க. இனிமே இந்த நாற்காலி உங்களுக்குத்தான், உக்காருங்க" என்றார்.

ஆக, நீங்கள் அளந்துவிட்ட வாய்ச்சொல் காப்பாற்றப்பட்டது. நீங்களும் இப்படிப் பேசிப் பழகலாம். என் தங்கையிடம் மட்டும் வேண்டாம். அவள் உங்களைக் குட்டி வாக்கியத்தையே முடிக்க விட்டதில்லை.

பிள்ளைகளுக்கு ஆசிகள், தங்கைக்கு அன்பு, உங்கள் காதுகளுக்கு என் அனுதாபம்.

இப்படிக்கு,
நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தபடி,
உங்கள் மச்சான்

பி.கு.: இன்று காலை அந்த லிஃப்ட்டின் ஸ்பீக்கரை மாற்றினார்கள். ஒயர் அறுந்து வெகுநாளாகிறதாம். உள்ளே பேசுவது எனக்குக் கேட்குமாம். நான் பேசுவது ஒரு சொல்கூட உள்ளே போகாதாம்.