கோப்பு எண் பதினேழும் பதினெட்டும்

ஒரு காட்டில் சிங்கம், புலியெல்லாம் எப்போதோ ஓய்வு பெற்றுப் போய்விட, குழந்தைகள் நலக்குழு மட்டும் மிஞ்சி நின்றது. அதற்குத் தலைவர் ஒரு நாரை. காலையில் வந்து ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடிக்கொள்வார். ஐயா யோசிக்கிறார் என்று எல்லோரும் கைகட்டிக் காத்திருப்பார்கள். சாயங்காலம் கண்ணைத் திறந்து, "அடுத்த மாசம் பாப்போம்" என்பார்.

அந்தக் காட்டில் தாய் தகப்பன் இல்லாத குட்டிகளுக்காக வாதாட ஒரே ஒரு வக்கீல்தான் உண்டு. இசக்கியம்மாள் என்ற உடும்பு. பிடித்தால் விடமாட்டாள். அவள் தலை தெரிந்தாலே நலக்குழு அலுவலகத்தில் பாதிப் பேர் சாப்பிடப் போய்விடுவார்கள், மணி பத்தாக இருந்தாலும்.

அவளிடம் வந்த வழக்கு இரண்டு நீர்நாய்க் குட்டிகளுடையது. அக்கா செம்பி, தம்பி பூளை. அம்மா மீன்வலையில் மாட்டிச் செத்துப்போனாள். நலக்குழு அன்றைக்கே குட்டிகளைப் பிரித்து, செம்பியை முயல் வீட்டிலும் பூளையைக் குரங்கு வீட்டிலும் வளர்க்கக் கொடுத்துவிட்டது. அதில் மட்டும் அப்படி ஒரு சுறுசுறுப்பு! தண்ணீரில் கிடக்கிற பிள்ளையை உச்சாணிக் கொம்பில் ஏற்றிவிட்டு, 'நல்ல காற்றோட்டம்' என்று எழுதிக்கொண்டார்கள். அக்கா வாலைப் பிடித்துக்கொள்ளாமல் தூங்கவே தெரியாத பிள்ளை அது. ஆசையாகக் குரங்கின் வாலைப் பிடித்துப் பார்த்து, அறை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

முயல் வீட்டில் மூன்று வேளையும் அருகம்புல். செம்பிக்கு விலா எலும்பு எண்ணிவிடலாம் போல இருந்தது.

"வக்கீலம்மா, மீன்கூட வேண்டாம். தம்பியோட இருந்தாப் போதும்" என்றாள்.

இசக்கியம்மாள் நேரே போய் மனுப் போட்டாள்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம். விசாரணைக்குக் குட்டி வர வேண்டியதில்லை, குட்டியின் கோப்பு வந்தால் போதும். குட்டி என்றால் அழும், மூத்திரம் போகும், எதையாவது கேட்டுத் தொலைக்கும். கோப்பு சமர்த்து, நாற்காலியில் வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும். மாதா மாதம் எடை பார்ப்பதுகூடக் கோப்பைத்தான். செம்பியின் கோப்பு எண் பதினேழு, பூளையுடையது பதினெட்டு.

"பதினேழாம் எண் முக்கால் கிலோ கூடியிருக்கே! பிள்ளை நல்லாத் தேறிட்டா" என்றார் நாரை.

"ஐயா, அது நான் போட்ட மனுக்களோட எடை!"

"எதுவா இருந்தா என்ன, உடம்புல ஒட்டுதே." நாரை குனிந்து கோப்பிடம் கனிவாகக் கேட்டார்: "உனக்கு ஏதாச்சும் சொல்லணுமா கண்ணு?" கொஞ்சம் காத்திருந்தார். "ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக்கோங்க."

இசக்கியம்மாள் விடுவாளா? பதினோரு வாய்தா நடந்தாள். கடைசியில் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு தொங்கிவிட்டாள். நாரைக்கு வீட்டுக்குப் போக வேண்டுமே! 'உடன்பிறந்த குட்டிகள் இருவரையும் பிரிக்கக் கூடாது. ஒரே இடத்தில் வைக்க வேண்டும்' என்று உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள தம்பி உங்கூட இருப்பான்டி" என்று செம்பியிடம் சொல்லிவிட்டு வந்தாள் இசக்கியம்மாள். அன்றைக்கு அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

வெள்ளிக்கிழமை போனது. அதற்கு அடுத்த வெள்ளியும் போனது. முயல் வீட்டு வாசலில் செம்பி மரத்தையே அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். இசக்கியம்மாள் அலுவலகத்துக்கு ஓடினாள்.

"உத்தரவு என்னாச்சு?"

"நிறைவேத்தியாச்சே அம்மா!" என்றார் பதிவறைக்காரர் ஆவுடையப்பன். எறும்புத்தின்னி. கரையானிடமிருந்து கோப்புகளைக் காப்பாற்ற அவரை விட்டால் வேறு யார்? அலமாரியைத் திறந்து பெருமையாகக் காட்டினார். பதினேழும் பதினெட்டும் ஒரே சிவப்பு நாடாவில் கட்டுண்டு, ஒன்றன்மேல் ஒன்று சுகமாகக் கிடந்தன.

இசக்கியம்மாள் போட்ட கூச்சலில் நாரை இரண்டாவது காலையும் ஊன்றிவிட்டார்.

"எதுக்கு இந்தக் கத்து? இங்க எல்லா உத்தரவையும் கோப்பு மேலதான் நிறைவேத்துறது. போன வருஷம் மான்குட்டிக்குத் தடுப்பூசி போடச் சொன்னோம், போட்டாச்சு. அட்டையில ஓட்டை இருக்கு, வேணும்னா பாருங்க."

"அந்த மான்குட்டி?"

"அது செத்துப்போச்சு, பாவம். ஆனா கோப்பு நல்லா இருக்கு."

இசக்கியம்மாளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அலமாரியைப் பார்த்தாள். ஈரம் அண்டாமல் பலகை, பூச்சி வராமல் வேப்பிலை, தினமும் தூசி தட்டல். ஆவுடையப்பன் ஒவ்வொரு கட்டையும் பெற்ற பிள்ளை மாதிரி தடவி, எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். ஏன் எண்ணமாட்டார்? குட்டி ஒன்று குறைந்தால் வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் போதும். கோப்பு ஒன்று குறைந்தால் அவர் வேலை போய்விடும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆவுடையப்பன், ரெண்டு கோப்பையும் ஒருநாள் படிச்சுட்டுத் தர்றேன்" என்று கையெழுத்துப் போட்டு வாங்கிப் போனாள்.

பதினேழை முயல் வீட்டிலும், பதினெட்டைக் குரங்கு வீட்டிலும் வைத்துவிட்டு, குட்டிகளை அழைத்துக்கொண்டு வந்தாள். மறுநாள் செம்பி கழுத்தில் பதினேழு, பூளை கழுத்தில் பதினெட்டு என்று சீட்டு மாட்டி, இருவர் இடுப்பையும் சிவப்பு நாடாவால் சேர்த்துக் கட்டிப் பதிவறையில் ஒப்படைத்தாள்.

ஆவுடையப்பன் எண்ணைப் பார்த்தார். சரியாக இருந்தது. நாடாவைப் பார்த்தார். சிவப்பு. எடை போட்டுப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு அலமாரியில் வைத்தார்.

"கொஞ்சம் அசையுதே அம்மா?"

"நடப்புல இருக்கிற கோப்பு. அசையத்தானே செய்யும்?"

"அதுவும் சரிதான்."

பத்து நாளில் ஒரு சங்கடம் வந்தது. இருப்புச் சோதனையில் எடை குறைந்தது. எடை குறைந்தால் யாரோ தாளைக் கிழித்திருக்கிறார்கள் என்று ஆகிவிடுமே! ஆவுடையப்பன் பதறிப்போய் ஆற்றுக்கு ஓடினார். அன்றிலிருந்து தினம் இரண்டு வேளை மீன்.

வளர்ப்பு வீடுகளைச் சோதிக்க நலக்குழு போனது. "தங்கமான பிள்ளை! சோறு கேக்கறதில்ல, அழறதில்ல" என்றது முயல். குரங்கு பதினெட்டைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தது. 'நல்ல பாசப்பிணைப்பு' என்று குறித்துக்கொண்டு திரும்பினார்கள்.

மழைக்காலத்தில் ஒருநாள் இசக்கியம்மாள் பதிவறைக்குப் போனாள். இரண்டும் மொழுமொழுவென்று இருந்தன. பூளை அக்கா வாலைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான். செம்பி மட்டும் விழித்திருந்தாள்.

"வக்கீலம்மா, நாங்க எப்ப மறுபடியும் குட்டியாவோம்?"

இசக்கியம்மாள் வாசலை எட்டிப் பார்த்தாள். யாருமில்லை. நாடா முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டாள்.

"சத்தமாப் பேசாத கண்ணு. குட்டின்னு தெரிஞ்சா காப்பாத்த வந்துடுவாங்க."

நீதி: பிள்ளை பெற்றவர்கள், தங்களுக்கு ஏதேனும் நேர்வதற்கு முன்பே, பிள்ளைகளுக்குக் கெட்டியான அட்டை போட்டு, எண் ஒட்டி, நாடா கட்டி வைக்கவும்.