சீனி மிளகாயில் சீனி எவ்வளவு?

1996ஆம் ஆண்டு கோயம்புத்தூர் மாநகரம் சீனாவின் வசம் போயிருந்தது. படையெடுப்பு எதுவும் நடக்கவில்லை. தெருவுக்கொரு தள்ளுவண்டி வந்து, காலிஃபிளவரைப் பொரித்து, மேலே சிவப்பாக எதையோ ஊற்றி, கோபி மஞ்சூரியன் என்றது. நம் மக்களும் பெருமையோடு நாக்கை ஒப்படைத்தார்கள்.

உக்கடம் முஸ்தபாவுக்கு அதில் பெரிய வருத்தம். அந்தச் சிவப்பில் மிளகாயே இல்லை என்பது அவர் கட்சி. அவர் வீட்டு சில்லி சாஸ் வேறு ரகம். ஆனைகட்டிப் பக்கமிருந்து வரும் சீனி மிளகாய், சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். அதைப் பூண்டோடு வினிகரில் மூன்று நாள் ஊறவைத்து, ஆட்டுக்கல்லில் அவரே ஆட்டுவார். ஒரு சொட்டு நாக்கில் பட்டால் செத்துப்போன சொந்தக்காரர்களெல்லாம் நினைவுக்கு வருவார்கள். அந்த பாட்டில் கிராஸ்கட் ரோட்டில் புதிதாகத் திறந்த ஏசி கடையின் அலமாரியில் தன் பெயரோடு நிற்க வேண்டும். அவருக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். அதற்கு அரசாங்க உரிமம் வேண்டும்.

விண்ணப்பத்தில் ‘முக்கிய மூலப்பொருள்’ என்றிருந்தது.

“மொளகான்னு எழுதுனாப் போதாதுங்களா?” என்றாள் மனைவி நஃபீசா.

மனைவி சொன்னதை முதல் தடவையே கேட்கிறவரா முஸ்தபா? ‘சீனி மிளகாய், நூற்றுக்கு அறுபது பங்கு’ என்று முத்து முத்தாக எழுதி, அடிக்கோடும் போட்டார்.

அதிகாரி நஞ்சுண்டன் தங்கமான மனிதர். காகிதத்தில் இல்லாத எதையும் நம்பமாட்டார்.

“சீனியும் மொளகாயும் சேர்ந்து அறுபது. ஆளுக்குப் பாதின்னா சீனி முப்பது. இது இனிப்புப் பண்டமுங்களே!”

“ஐயோ, அது மொளகாயோட பேருங்க. சீனியே கெடையாதுங்க.”

“பேர்ல இருக்கறது பாட்டில்ல இல்லீன்னா அதுக்குப் பேரு கலப்படமுங்க.”

“ஒரே ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாருங்க சார்.”

“எனக்கு சுகருங்க. சீனி சேர்ந்ததத் தொட்டா டாக்டரு திட்டுவாரு.”

ஆகவே அலுவலக உதவியாளர் மாசாணம் அழைக்கப்பட்டார். அரசுப் பணியாயிற்றே என்று ஒரு கரண்டி முழுசாக விழுங்கினார். பேச்சு நின்றது. இரண்டு கண்ணிலும் தாரை தாரையாக ஊற்றியது. நஞ்சுண்டன் வாய்விட்டுப் படித்தபடியே கோப்பில் எழுதினார்: ‘சுவைத்தவர் வாயடைத்து ஆனந்தக் கண்ணீர் வடித்தார். மேற்படி பண்டம் இனிப்பு வகையே என்பது ஐயமற மெய்ப்பிக்கப்பட்டது.’

“அப்ப விண்ணப்பத்த மாத்தி எழுதிக் குடுத்தறனுங்க” என்று கெஞ்சினார் முஸ்தபா.

“குடுத்த விண்ணப்பத்தத் திருத்த விதியில எடமில்லீங்க. சரக்கத் திருத்தத் தாராளமா எடமிருக்கு. முப்பது பங்கு சீனி சேர்த்துக் கொண்டாங்க. பதினஞ்சு நாள் டைமுங்க.”

முஸ்தபா மானஸ்தர். உரிமமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று பதினாலு நாள் உறுதியாக நின்றார். பதினைந்தாம் நாள் ஏசி கடைப் பக்கம் போனபோது அலமாரியில் ஒரு பாட்டில் அகலத்துக்குக் காலி இடம் தெரிந்தது. வீட்டுக்கு வந்து சீனியை அளந்து கொட்டினார். கொட்டும்போது வயிறு எரிந்தது. மிளகாய் தின்று எரிந்ததை விட அதிகமாகவே எரிந்தது.

உரிமம் கிடைத்த மூன்று மாதத்தில் கோவையே அந்தப் பாகை வழித்து நக்கியது. லேபிளில் மிளகாய்ப் படம் இருந்ததால், “என்னா காரம்!” என்று எல்லோரும் மறக்காமல் மூக்கை உறிஞ்சினார்கள். இதைச் சொல்கிறவன் வீட்டில் இரண்டு பாட்டில் இருந்தது. உங்கள் வீட்டுக் கணக்கை நான் கேட்கப்போவதில்லை. முஸ்தபாவும், மீந்தது வீணாகுமே என்று, தோசைக்கும் இடியாப்பத்துக்கும் அதையே தொட்டுக்கொண்டார்.

ஒருநாள் நஞ்சுண்டனே வீடு தேடி வந்தார்.

“ஊரே பேசுதுங்க. எனக்குத்தான் குடுத்து வைக்கல. சீனி போடாம ஒரு பாட்டில், எனக்கு மட்டும், கோப்புக்குத் தெரியாம கெடைக்குங்களா?”

முஸ்தபாவுக்குத் தலைகால் புரியவில்லை. தன் சாஸுக்கு நல்ல காலம் திரும்பிவிட்டது என்று ஊறவைத்தார், ஆட்டினார். பதம் பார்க்க விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

காது அடைத்தது. விக்கல் எடுத்தது. ஒரு சொம்புத் தண்ணீர் போதவில்லை.

“இத மனுசன் திம்பானா?” என்றார். கை தானாகப் போய்ச் சீனி டப்பாவைத் திறந்தது.

“அவருக்கு சுகருங்களே!” என்று பதறி ஓடிவந்த நஃபீசா அவர் முகத்தைப் பார்த்து நின்றாள். “ஏனுங்க, அழுவறீங்களா?”

“இல்ல நஃபீசா” என்றார் முஸ்தபா. “ஆனந்தக் கண்ணீரு.”