குறை கேட்டு அலைந்த பிளாஸ்திரி

"என்னைக் கொஞ்சம் திட்டுங்க" என்று நோயாளிகளிடம் கெஞ்சிய ஆஸ்பத்திரி ஊழியர் கோயமுத்தூரிலேயே ஒருவர்தான். காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர். பிளாஸ்திரி என்றால் வாட்ச்மேன் முதல் டீன் வரை தெரியும். அசல் பெயர் சம்பளப் பிரிவுக்கே மறந்திருக்கும்.

கட்டைப் பிரிக்கும்போது யாராவது பல்லைக் கடித்தால் அவருக்குப் பொறுக்காது. "வலிச்சா அடப்பாவின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி. சும்மா இருந்தா நான் நல்லாப் பண்றேன்னு நெனச்சுக்குவேன்." சென்னிமலைத் தறிக்காரர் ஒருவர் ரொம்ப யோசித்து, "அடப்பாவிங்க" என்றார்.

நான் அங்கே குவாலிட்டி பிரிவில் இருந்தேன். ஊசியால் வீக்கம், டியூப் செருகியதில் கீறல் என்று சிகிச்சையின்போது தவறுதலாக ஏற்படும் காயங்களைப் பிரிவு வாரியாகக் கணக்கெடுக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அச்சடித்த அட்டவணை பொய் சொல்லாது என்று நம்பினேன். அதன்படி ஏசி அறைகளில் மில்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் ஏகப்பட்ட காயம். காட்டுவேலை செய்யும் விவசாயக் கூலிகளும் மரமேறிகளும் படுத்திருக்கும் ஜெனரல் வார்டில் வரிசையாகப் பூஜ்யம்.

நிர்வாகி பூரித்துப்போனார். "அங்க பிரச்சினையே இல்லீங்களே! ரெண்டு நர்சுல ஒருத்தர ஏசி ரூமுக்கு மாத்திரலாம். சனிக்கிழமை மீட்டிங்ல முடிவு பண்ணிரலாம்."

முப்பது கட்டிலுக்கு ஒரே நர்ஸ்! பிளாஸ்திரி என் அட்டவணையை எட்டிப் பார்த்தார். "ஏந் தம்பி, காட்டுவேலை செய்யறவங்களுக்கு எருமைத்தோலுன்னு ஊசிக்கு யாரு சொன்னது?" என்று என் கையைப் பிடித்து வார்டுக்கு இழுத்துப் போனார்.

நான்காம் கட்டிலில் தாராபுரம் பக்கத்து அம்மா. கை புடைத்து மினுமினுத்தது.

"கைக்கு என்னங்க அம்மணி?"

"ஒண்ணுமில்லீங்க. நல்லாத்தான் பாத்தாங்க."

பிளாஸ்திரி குரலைத் தாழ்த்தினார். "பக்கத்துக் கட்டில்ல ஏதாச்சும்?"

"அந்தக் கொடுமைய ஏனுங்க கேக்கறீங்க!" என்று அந்தம்மா எழுந்தே உட்கார்ந்துவிட்டார். பக்கத்துக் கட்டில்காரரோ, அந்தம்மாவுக்கு மூன்று முறை ஊசி தவறியதை நடித்தே காட்டினார். தன் வலியைச் சொல்ல வாய் வராத வார்டு, அடுத்தவர் வலியை அருவி மாதிரிக் கொட்டியது. எனக்குப் பேனா மை தீர்ந்தது.

ஆனால் காயம்பட்டவரே கையெழுத்துப் போட்டால்தான் கணக்கு. அதற்கு ஒருவரும் அசையவில்லை. "ஊசி போட்ட அந்த நர்சுப் புள்ள புதுசுங்க. அதுக்கு வேலை போயிருச்சுன்னா நமக்குப் பாவமுங்க" என்றார் அந்தம்மா.

பிளாஸ்திரி என் பக்கம் திரும்பினார். "மொதல்ல என்னை எழுதுங்க தம்பி. பொள்ளாச்சி மரமேறிக்குப் பிளாஸ்திரியோட சேத்துத் தோலையும் உரிச்சுப்போட்டேன்."

நான் தயங்கினேன்.

"எழுதுங்கறேன்!"

எழுதினேன். மரமேறி அவரிடமே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை பிளாஸ்திரிக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வேறொருவராக இருந்தால் மடித்து ஒளித்திருப்பார். இவர் கல்யாணப் பத்திரிகை வைப்பதுபோல் கட்டில் கட்டிலாக நீட்டினார். "பாருங்க, நல்லாத் திட்டியிருக்காங்க. ஆனா வேலை போகலீங்க."

நான்காம் கட்டில் அம்மா பக்கத்தில் இருந்தவரைப் படிக்கச் சொல்லி முழுக்கக் கேட்டார். "அந்தப் புள்ளைக்கும் இந்தக் காயிதம் மட்டுந்தானுங்களே?"

"அவ்வளவுதானுங்க."

வீங்காத கையை நீட்டிக் கட்டைவிரல் ரேகை வைத்தார். பிறகு வார்டே வரிசையில் வந்தது.

சனிக்கிழமை மீட்டிங்கில் ஜெனரல் வார்டின் காய விகிதம் ஏசி அறைகளை விட மேலே நின்றது. நிர்வாகி கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார். இரண்டு நர்சுகளும் அங்கேயே இருந்தார்கள். புதிய பெண்ணுக்குப் பக்கத்தில் நின்று பழக்க ஒரு மூத்தவரையும் அனுப்பினார்கள்.

அன்று பிளாஸ்திரி எனக்குக் கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்தார். அவரைப் பற்றி நான் எழுதிய குறையின் நகலைப் பிரித்து வைத்து, ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கையெழுத்து அச்சு மாதிரி இருக்குது கண்ணு" என்றார்.